முதற்காட்சியும் கடல்நண்டும்

உலகத்தில் தன்னை யாரும் ஏசவில்லையே என்று வாய்விட்டு அழுத ஒரே மனிதர் கிளிநொச்சியில்தான் இருந்தார். என் கடையில், என் கதிரையில் இருந்துதான் அழுதார்.

அவரை நாங்கள் 'முதற்காட்சி' என்றுதான் சொல்வோம். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய மனைவியே ஒரு கணம் யோசிப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுநராக இருந்தவர், சினிமா வலைப்பூ எழுதிப் பிழைக்கப் போகிறேன் என்று சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வன்னியின் முதலாவது முழுநேரப் பதிவர் என்று தன்னைத் தானே அறிவித்தார். மறுத்துச் சொல்ல வேறு பதிவரும் இங்கே இருக்கவில்லை. நான் நடத்தும் இன்டர்நெட் கடையின் மூலைக் கொம்பியூட்டர்தான் அவருடைய அலுவலகம்.

புதுப்படம் வந்தால் முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போவார். இடைவேளையோடு எழும்பி வந்து, தியேட்டர் வாசலில் நின்றபடியே போனில் விமர்சனத்தை எழுதிப் போட்டுவிடுவார். உலகத்திலேயே முதல் விமர்சனம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அப்படி ஒரு வெறி. இரண்டாம் பாதி முழுவதும் ஊகம். ஒருமுறை, கடைசியில் கதாநாயகன் இறந்தபோது நெஞ்சு கனத்துவிட்டது என்று எழுதினார். படத்திலோ கதாநாயகன் கலியாணம் கட்டி இரட்டைப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். நான் பதறிப்போனேன்.

"என்ன காணும், சாகாத ஆளைச் சாகடிச்சுப்போட்டீர்?"

"அந்த முதல் பாதிக்கு அவன் செத்திருக்கவேணும் ஐசே. டைரக்டர் விட்ட பிழைக்கு நான் என்ன செய்யிறது?"

இப்படிப்பட்டவருக்கு எதிரி இல்லாமல் இருக்குமா? இருந்தது. பெயர் கடல்நண்டு. அதுவும் ஒரு சினிமா வலைப்பூதான், ஆனால் எழுதுவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற திமிர் பிடித்த ஒருத்தன் என்பது முதற்காட்சியின் முடிவு. கடல்நண்டு படத்தைக் கடைசி எழுத்து ஓடி மறையும்வரை பார்க்கும். பிறகு ஆறுதலாக வந்து முதற்காட்சியைக் கடிக்கும். 'இந்த மனுசன் கலியாண வீட்டிலும் தாலி கட்டமுதல் எழும்பி வந்து, மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று எழுதுவார்' என்று ஒருமுறை எழுதியது. இவரும் சும்மா விடுவாரா? கனடாவிலும் லண்டனிலும் இருந்த சனம் படத்தை விட்டுவிட்டு இந்தச் சண்டையைப் பார்க்க வந்தது. சனத்தின் பின்னால் விளம்பரமும் மெல்ல வந்தது.

ஆனால் வீட்டில் ஒரு கெடு இருந்தது. "சித்திரை வருசப்பிறப்பு வரைக்கும் பாப்பன். அதுக்குள்ளை உதிலை சோறு வராட்டி, பேசாமல் சங்கத்துக்குப் போங்கோ" என்று மனைவி சொல்லிவிட்டார்.

பங்குனி தொடங்கவும் கடல்நண்டு திடீரென்று வாயை மூடிவிட்டது. முதற்காட்சி வேண்டுமென்றே ஒரு படுமோசமான படத்தைக் காவியம் என்று எழுதினார். சத்தமில்லை. இன்னொரு படத்தில் முதல் பாட்டோடு எழும்பி வந்து எழுதினார். அதற்கும் சத்தமில்லை. சண்டை நின்றதும் சனம் கலைந்தது. அப்போதுதான் அந்த அழுகை.

"ஆளுக்கு ஏதோ நடந்திட்டுது ஐசே. உயிரோடை இருந்தால் இதைப் பாத்திட்டு ஏசாமல் இருக்க ஏலாது."

மறுநாள் காலை கொம்பியூட்டரைத் திறந்தேன். முதற்காட்சியின் பக்கம் முழுக்கக் கறுப்புக் கரை, நடுவில் குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கடல்நண்டு மாரடைப்பால் இறைபதம் அடைந்துவிட்டதாம். மாரடைப்பும் ஊகம்தான். கீழே உலகம் முழுவதிலும் இருந்து அனுதாபம் குவிந்துகொண்டிருந்தது. மத்தியானம் அவருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "கடல்நண்டு என்ரை மாமி. நல்ல சுகமா இருக்கிறா. முதல் உந்த அஞ்சலியை எடுத்துப்போட்டு, கொக்கிளாய்க்கு வந்து பாருங்கோ."

"மாமியோ?" என்றார் முதற்காட்சி.

அஞ்சலியை எடுத்துவிட்டு என் மோட்டார் சைக்கிளில் போனோம். கடல்நண்டு முன்பள்ளி ரீச்சர், ஐம்பது வயது தாண்டியவர், மாதா கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். புருசன் கடல்தொழிலுக்குப் போகிறவர். எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

"தவக்காலம் தம்பி. யேசு உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நாங்கள் ஏதாவது ஒண்டை ஒறுக்கவேணும். மற்றவை இறைச்சியை விடுவினம். இஞ்ச ஆர் இறைச்சி தின்னுறது? எங்களுக்கு நெடுக மீன்தானே. மனசுக்கு ஆகப் பிடிச்சதை விடுங்கோ எண்டு பங்குச் சுவாமி பிரசங்கத்திலை சொன்னவர். யோசிச்சுப் பாத்தன். உங்களை ஏசுறதைவிட எனக்குப் பிடிச்சது வேறை ஒண்டும் இல்லை."

முதற்காட்சி கடன் கேட்கிறவர்போல மெல்லக் கேட்டார்.

"அக்கா, வருசப்பிறப்புக்கு முன்னம் ஒரு வரி? சின்ன ஏச்சா?"

"ஏலாது தம்பி. நேர்ந்திட்டன்."

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு வருசப்பிறப்புக்குப் பின்னால்தான் வந்தது. திரும்பி வரும்போது முல்லைத்தீவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, நான் ஒரு வழி சொன்னேன்.

"நீரே கடல்நண்டின்ரை பேரிலை உம்மை ஏசி எழுதும். ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவா விரதம் ஐசே. எங்கடை அம்மா கந்தசட்டி பிடிக்கேக்கை, அவாவின்ரை பேரைச் சொல்லி நான் கோழிக்கறி வாங்கித் திண்டால் எப்பிடி இருக்கும்?"

அரைவாசிப் படத்தைக் கூசாமல் புளுகுகிற வாயா இது! அன்றைய அதிர்ச்சிகளில் இதுதான் எனக்குப் பெரியது. சொன்னபடியே இருந்தார். வருசம் பிறந்தது, கெடு முடிந்தது, மனிதர் நீளக்கைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு சங்கத்துக்குத் திரும்பிப் போனார்.

உயிர்த்த ஞாயிறு காலை, பூசை முடிந்த கையோடு கடல்நண்டு எழுதியது. அவ்வளவு நாளும் அடக்கி வைத்தது எல்லாம் ஒரே பதிவில் வந்தது. முதற்காட்சி என் கடைக்கு ஓடிவந்து, நின்றபடியே சத்தமாக வாசித்தார். "செம்மறி எண்டிருக்கிறா ஐசே! உயிரோடை இருக்கிற ஆளுக்கு விளக்குக் கொளுத்தின விசரன் எண்டிருக்கிறா!" கண்ணால் தண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது.

சனம் திரும்பி வந்தது, ஆனால் வேலை வேலைதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எழுதுகிறார். தவக்காலம் வந்தால் அதையும் நிறுத்திவிடுவார், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற இந்தச் சைவக்காரர். ஏன் என்று கேட்டேன். "அவா வாயைக் கட்டிக்கொண்டு இருக்கேக்கை, நான் மட்டும் கத்துறது சரியில்லை ஐசே" என்றார். அந்த நாட்களில் புதிதாக ஒன்றும் இராது என்று தெரிந்தும், காலையில் கடை திறந்ததும் நான் முதலில் திறந்து பார்ப்பது அவருடைய பக்கத்தைத்தான்.