வளையல் அமத்திய விடைகள்

கொம்பியூட்டரைப் பற்றி எதுவுமே தெரியாதவனால் ஒரு வீட்டுக்குப் பெரிய கேடு வராது. ஆறு மாத கோர்ஸ் படித்தவனால்தான் வரும். நான் ஆறு மாத கோர்ஸ் படித்தவன்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். அம்மா அதைச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினார். அன்றிலிருந்து மஹய்யாவையில் எங்கள் வீட்டு வரிசையில் யாருடைய போன் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (பாதி நேரம் சார்ஜ் இறங்கித்தான் நின்றிருக்கும். சார்ஜில் போட்டுவிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன்.)

என் அக்கா விமலா கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை நிற்க வேண்டும். உட்கார்ந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் வீங்கின காலைச் சுடுதண்ணீர் பேசினில் வைத்துக்கொண்டு, "ஒரு கதிரை போட்டு உக்கார வச்சு சம்பளம் குடுக்கிற வேலை எங்கயாவது இருக்காடா தம்பி" என்பாள்.

ஒரு நாள் இருந்தது. ஒரு தனியார் நிறுவனத்தில் கிளார்க் வேலை. முதல் பரீட்சை ஒன்லைனில். முப்பது வயது ஆனவர் யாரும் விண்ணப்பிக்க முடியாது, அக்காவுக்கு அடுத்த மாதம் முப்பது. இதை விட்டால் வேறு இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். நான்கு கொப்பிகள் நிறைந்தன.

பரீட்சை என் லெப்டொப்பில்தான். இரண்டு நாளைக்கு முன்பே அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"பொட்டு வைக்காம எதையும் தொடங்கக் கூடாதுப்பா. பஸ்ஸுக்கே வைக்கிறாங்க."

"போன தடவை நீங்க வச்ச சந்தனத்துல ரெண்டு பட்டன் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும்மா."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். "கவலப்படாதீங்க. ஸ்க்ரீன்ல அம்புக்குறி ஒண்ணு ஓடும்ல, அதை எடுத்துட்டு உங்க கையைப் போட்டுடறேன். அக்கா அமத்துற ஒவ்வொரு விடைக்கும் நீங்களே பொட்டு வச்ச மாதிரி" என்றேன்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது, என் திறமையை நினைத்து.

அம்மாவின் கையைப் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைந்தேன். இதற்கென்று இலவசமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது. திறந்தால் கணக்குக் கொப்பி மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள் வரும், ஒவ்வொரு கட்டமாக நிறம் வைக்க வேண்டும். மேலே இடது பக்கம் மணிக்கட்டு, அதில் ஒரு பொன் வளையல், கீழ்நோக்கி இறங்கும் மோதிர விரல், அதன் நுனியில் நாலே நாலு கட்டத்தில் சிவப்புக் குங்குமம். அக்காவுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று நன்றாகப் பெரிதாகவே செய்தேன். முடிந்ததும் அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது: இந்தப் படத்தில் எந்தப் புள்ளி அமத்த வேண்டும்? ஏற்கெனவே இடது பக்க மேல் மூலை என்று அதுவே போட்டிருந்தது. கையில் விரல் எது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும், இதற்கு வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்து அப்படியே விட்டேன். (கோர்ஸில் இந்தப் பாடம் நடந்த அன்று நான் கீழே செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அம்புக்குறி, சுட்டுவிரல், சுற்றும் வட்டம் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பதிலாக அம்மாவின் கையை வைத்தேன். அதைத் திரையில் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். எதையும் அமத்திப் பார்க்கவில்லை.

பரீட்சை அன்று கெமரா பார்த்துக்கொண்டிருக்கும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. நானும் அம்மாவும் கதவுக்கு வெளியே நின்றோம். 'தொடங்கு' என்ற பட்டன் பாய் அளவுக்கு இருந்ததால் அது மட்டும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. பிறகு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக விடைகள். ஒரு விடையை அமத்தினால் உடனே அடுத்த கேள்வி வந்துவிடும். எதை அமத்தினோம் என்று பார்க்கவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது.

ஐம்பது கேள்வி முடிந்து அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "லேசா இருந்துச்சுடா. முதல் விடைய அமத்தினா மட்டும் முரண்டு புடிச்சுது. கொஞ்சம் கீழ இறக்கி இறக்கி அமத்தினேன், எடுத்துச்சு. மத்ததெல்லாம் வெண்ணெய் மாதிரி போச்சு."

அக்கா எடுத்த புள்ளி திரையில் வந்தது. ஐம்பதுக்குப் பதினொன்று.

அக்கா அதைப் பார்த்தாள். "எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லடா தம்பி. நின்னே பழகிட்டேன், நின்னே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரமே இருக்கவில்லை.

அந்தப் பக்கத்தை மூடப் போனேன். அடியில் இருந்த 'மூடு' பட்டனில் குங்கும விரலை வைத்து அமத்தினேன். மூடவில்லை, பக்கம் சின்னதாகிவிட்டது. மறுபடியும் அமத்தினேன், பெரிதாகியது. அப்போதுதான் பார்த்தேன். 'மூடு' பட்டனில் விரல் இருந்தது, அதற்கு மேலே இருந்த அளவு மாற்றும் பட்டனில் வளையல் இருந்தது.

விரல் ஒரு விடையைத் தொட்டபோதெல்லாம் அதற்கு மேலே இருந்த விடையை வளையல் அமத்தியிருக்கிறது. முதல் விடைக்கு மேலே ஒன்றும் இல்லாததால் அங்கே முரண்டு பிடித்திருக்கிறது. முரண்டு பிடித்த பதினொன்றும் சரி. வெண்ணெய் மாதிரிப் போன முப்பத்தொன்பதும் பிழை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையில்கூட ஒரு குரங்காவது மிஞ்சியது.

உடனே சொன்னேனா? இல்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சோறு மட்டும் வழக்கம் போல இறங்கியது, அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

மூன்றாம் நாள் அக்கா அந்த நான்கு கொப்பிகளையும் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவருக்குச் சுருள் சுற்றக் கொடுக்கப் போகிறாளாம். அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

அவள் லெப்டொப்பைத் திறக்கச் சொல்லி, விரலை ஓரிடத்தில் வைத்து, வளையல் எங்கே படுகிறது என்று தானே அமத்தி அமத்திப் பார்த்தாள்.

"அப்ப அந்த ரயில் கணக்கு நான் சரியாத்தான் செஞ்சேனா?"

"ஆமாக்கா."

"எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, என்ன?"

"எல்லாமே தெரிஞ்சிருந்துச்சுக்கா."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய அடி. அடுத்த அடி கொப்பிக் கட்டால் முதுகில் விழுந்தது.

நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்டு, படத்தோடு விளக்கி எழுதினேன். விண்ணப்பதாரரின் கருவிக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த மாதம் அக்காவுக்கு முப்பது ஆனது.

அம்மாவுக்கு இது எதுவும் முழுதாகப் புரியவில்லை. தன் வளையலால் மகளின் வேலை போயிற்று என்பது மட்டும் மனதில் பதிந்துவிட்டது. இன்று வரை யாருக்குப் பொட்டு வைத்தாலும் முதலில் வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுத்தான் வைப்பார்.

அக்கா இன்னும் அதே கடையில்தான் நிற்கிறாள். வேலை முடிந்து வந்ததும், நான் வீட்டில் எந்தக் கதிரையில் இருந்தாலும் தோளில் தட்டி, "எழும்பு, அது என்னோடது" என்பாள். உடனே எழும்பிவிடுவேன். பத்துக் கதிரை காலியாகக் கிடந்தாலும் அப்படித்தான்.

போன ஆவணியில் எனக்குக் கல்யாணம். மணவறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வளையலை ஏற்றிவிட்டு வந்து எனக்குப் பொட்டு வைத்தார். பின்னால் மாலைத் தட்டோடு வந்த அக்கா, காலையிலிருந்து நின்ற களைப்பில், பழக்கதோஷத்தில் என் தோளில் தட்டினாள். நான் மாலையோடு எழும்பிவிட்டேன்.

"இன்னும் தாலி கட்டல தம்பி, எங்க போறீங்க?" என்றார் ஐயர்.

"அக்காவுக்கு இடம் குடுக்கணும்" என்றேன். சபை முழுக்கச் சிரித்தது. அக்காதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். என்னைத் தோளில் அமத்தி உட்கார வைத்து, "இன்னைக்கு மட்டும் இருடா" என்றாள்.