பதினேழாவது தும்மல்

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சிவசுப்பிரமணியன் காலையிலிருந்து ஐந்தாவது முறையாகத் தும்மினார். சமையலறையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"ஒண்ணா, ரெண்டா?" என்று உள்ளிருந்து கத்தினாள் மனைவி ஜெகதாம்பாள்.

"ஒண்ணுதான்."

"போச்சு! பதினோரு மணிக்கு அந்தம்மா முன்னாடியும் இப்படித்தான் ஒத்தையா தும்மித் தொலைக்கப் போறீங்க!"

அந்தம்மா என்பது கீழப்பழுவூர்ப் பஞ்சவர்ணம். மகன் அறிவழகனுக்குப் பெண் பார்க்க உடையார்பாளையம் வருகிறார். பெண், சிவசுப்பிரமணியனின் ஒரே மகள் அனுசுயா. பையன் மாட்டு டாக்டர். தங்கமானவன் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். தாயாரைப் பற்றித்தான் எல்லோரும் இரண்டு வார்த்தை குறைவாகச் சொன்னார்கள். பல்லி கத்தியது என்று ஓர் இடம், வாசலில் பூனை படுத்திருந்தது என்று ஓர் இடம், இப்படி ஆறு வீடுகளை வேண்டாம் என்றவர். ஒற்றைத் தும்மல் கேட்டால் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார், இரட்டையாக வந்தால் பாதகமில்லை என்று தரகர் எச்சரித்திருந்தார்.

சிவசுப்பிரமணியனுக்கோ, கொல்லைகளில் முந்திரி பூத்தால் மூக்கு திறந்துகொள்ளும். பங்குனி வரை மூடாது.

"மாத்திரை ஒண்ணு போட்டுக்கங்களேன்ப்பா," என்றாள் அனுசுயா.

"போன வாரம் போட்டுட்டு சொசைட்டி கவுண்டர்லயே தூங்கிட்டேன். வர்றவங்க முன்னாடி குறட்டை வுடச் சொல்றியா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா. பயப்படாம இருங்க," என்று அவள் நிதானமாகப் பூத்தொடுத்தாள். இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

முதல் வைத்தியம் ஜெகதாம்பாளுடையது. கொதிக்கும் தண்ணீரில் நொச்சி இலையைப் போட்டு, கம்பளியைப் போர்த்தி, அவரை ஆவி பிடிக்க உட்கார வைத்தாள். சீக்கிரம் குணமாகட்டும் என்று கற்பூரத்தையும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். கம்பளிக்குள்ளிருந்து அவர் வெளியே வந்தபோது தும்மல் அப்படியே இருந்தது. கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"ஐயையோ! தண்ணி போட்ட ஆளாட்டம் இருக்கீங்களே!"

அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஹேமலதா டீச்சர் வந்துவிட்டார். செல்போனில் இயற்கை வைத்தியம் பார்த்துப் பார்த்துத் தேறியவர்.

"வூட்டுத் தூசிதான் சார் காரணம். தூசிய வெளியேத்தாம என்ன மருந்து பண்ணாலும் நிக்காது."

மணி ஒன்பதரை. சிவசுப்பிரமணியன் விளக்குமாற்றோடு பரணில் ஏறினார். பத்து வருஷத்துத் தூசி அவரை வரவேற்றது. வரிசையாக ஒன்பது தும்மல். ஒன்பதாவதில் ஒரு பித்தளைக் குடம் உருண்டு கீழே வந்து, டீச்சரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"சரி, மஞ்சள் புகை!" என்றார் டீச்சர், பின்வாங்காமல். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு, எழும் புகையை மூக்கால் இழுக்க வேண்டும். நல்ல வைத்தியம்தான். இழுக்கிற நேரத்தில் தும்மினார். மூக்கு நுனி மஞ்சளில் போய் இடித்து, சுட்ட கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

கடைசியாக உப்புத் தண்ணீர். காய்ச்சி ஆறிய நீரில் உப்பைக் கரைத்து ஒரு நாசியில் விட்டால் மறு நாசி வழியாக வந்துவிடும் என்று டீச்சரின் செல்போன் சொன்னது. போனது. வரவில்லை.

"எங்கங்க போச்சு?" என்று ஜெகதாம்பாள் பதறினாள்.

"தெரியலே," என்று சொல்ல நினைத்து வேறென்னவோ சொன்னார். மூக்கு கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் தும்மலுக்கு மட்டும் எப்படியோ வழி இருந்தது.

"இனி ஒரே வழிதான்," என்று ஜெகதாம்பாள் மிளகுப்பொடியைக் கைக்குட்டையில் முடிந்து அவர் கையில் திணித்தாள். "ஒண்ணு வந்துச்சுன்னா உடனே இத மோந்து ரெண்டாவதத் தும்மிடுங்க. ரெட்டையாயிடும்!"

வாசலில் வேன் வந்து நின்றது. பத்து நிமிஷம் முன்னதாகவே!

"வாக்க, வாக்க! வடக்கப்!" என்று கும்பிட்டார் சிவசுப்பிரமணியன்.

பஞ்சவர்ணம் அவருடைய கண்ணைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். "ஒடம்புக்கு முடியலீங்களா?"

"எல்லாப் புத்திரியால..." முந்திரி என்றுதான் சொன்னார். மூக்கு அப்படி மாற்றியது.

"புத்திரியாலயா? பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"முந்திரி! முந்திரிப்பூ!" என்று ஜெகதாம்பாள் குறுக்கே பாய்ந்தாள்.

அனுசுயா காப்பி கொண்டுவந்தாள். அறிவழகன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டான். எவ்வளவு அடக்கம் என்று சிவசுப்பிரமணியன் உருகினார். பஞ்சவர்ணம் காப்பியை உதட்டருகே கொண்டுபோய், "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்..." என்று தொடங்கினார்.

"ஹச்சு!"

டம்ளர் கீழே இறங்கியது. சிவசுப்பிரமணியன் கைக்குட்டையை மூக்கில் அழுத்தினார்.

"ஹச்சு!"

டம்ளர் மேலே ஏறியது. அப்பாடா என்று அவர் மூச்சை இழுத்தார்; மிளகும் கொஞ்சம் கூடவே போனது.

மூன்று! டம்ளர் இறங்கியது. நான்கு! ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு... தரகர் விரல் விட்டு எண்ணினார். ஹேமலதா டீச்சர் ஜன்னல் வழியாக வாய்விட்டே எண்ணினார். பதினைந்து! பதினாறு! எல்லோரும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவரைப் பார்த்தார்கள்.

"ஹச்சூ!"

பதினேழு. அதோடு நின்றுவிட்டது.

கைக்குட்டையை முகர்ந்தார். வரவில்லை. பொடியையே அள்ளி முகர்ந்தார். வரவில்லை. காலையிலிருந்து நொச்சிக்கும் மஞ்சளுக்கும் அடங்காத தும்மல், இந்த ஒரு நிமிஷத்தில் பூரணமாகக் குணமாகியிருந்தது!

"தும்முங்க!" என்று ஜெகதாம்பாள் பல்லைக் கடித்தாள்.

"வரலடி!"

பஞ்சவர்ணம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "நாங்க அப்புறமா சொல்லி அனுப்பறோம்." சிவசுப்பிரமணியனுக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது. தன் மகளின் வாழ்க்கையைத் தன் மூக்கே கெடுத்துவிட்டது!

"ஹச்!"

எல்லோரும் திரும்பினார்கள். தும்மியது அறிவழகன்.

"பதினெட்டு," என்றாள் அனுசுயா, கதவோரத்திலிருந்து.

பஞ்சவர்ணம் நின்றபடியே யோசித்தார். பெண் வீட்டில் பதினேழு, பையன் வீட்டில் ஒன்று. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ரெண்டு குடும்பமும் சேர்ந்து ரெட்டைப்படை ஆக்கியிருக்கு! இந்தச் சகுனம் யாருக்குங்க அமையும்? தட்ட மாத்திக்குவோம்!"

வைகாசியில் முகூர்த்தம் என்று முடிவானது. சிவசுப்பிரமணியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே பெண்கள் பூ வைத்துக்கொண்டிருக்க, அவர் வாசலுக்கு ஓடினார். வேன் டிரைவர் அரியமுத்து சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

"அரியமுத்து! மாப்ள மட்டும் அந்த நேரத்துல தும்மலேன்னா எல்லாமே போயிருக்கும்ப்பா!"

அரியமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கங்கய்யா போவும்? தை மாசமே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அவங்க ரெண்டு பேர் கல்யாணத்துக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நானுந்தானுங்களே!"