பின் அறைக் கதவு காய்கிற வரைக்கும்

அன்புள்ள மச்சானுக்கு உன் அக்கா புருஷன் எழுதுவது. இங்கு நான் சுகம், வீட்டுக்குத்தான் சுகமில்லை. உன் சுகத்துக்கும், பிள்ளைகள் சுகத்துக்கும், உன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் சம்சாரத்தின் சுகத்துக்கும் பதில் போடவும்.

நிற்க. நானும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், உட்கார ஒரு காய்ந்த பலகை கிடையாது. வெள்ளம் வடிந்தபோது கூடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. மண்வெட்டியால் வாரி வாரித் தெருவில் கொட்டினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து, "உங்க வீட்டுச் சேத்தை எங்க வாசலுக்கு எதுக்குத் தள்ளுறீங்க?" என்றார்கள். "சேத்துல என் பேரா எழுதியிருக்கு?" என்று நானும் விடவில்லை. அந்தம்மா சேற்றுக்குள் கையை விட்டு என் பல்செட்டை எடுத்து நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். கழுவித்தான் போட்டுக்கொண்டேன், ஆனாலும் எதைத் தின்றாலும் பிளீச்சிங் பவுடர் ருசி. மெத்தை தண்ணீரைக் குடித்துவிட்டுச் சினை எருமை மாதிரி கிடக்கிறது. பிரிட்ஜ் மிதந்து போய், கோவித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி சமையல்கட்டு வாசலை மறித்துப் படுத்திருந்தது. அதை நிமிர்த்தினால் உள்ளேயிருந்து ஒரு செருப்பு விழுகிறது, அது எங்கள் செருப்பும் இல்லை.

நான் சொல்ல வந்தது செருப்புக் கதை இல்லை, பின் அறைக் கதை. உன் அப்பா கொடுத்த தேக்குக் கதவு தண்ணீரில் ஊறிச் சட்டத்தோடு இறுகிப்போச்சு. ஜன்னலும் அப்படியே. உடைக்கலாம், உடைத்தால் உன் அக்கா என்னை உடைப்பாள். தச்சரைக் கூட்டிவந்தேன். கோணலாணி என்று பட்டப்பேர், ஆணியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார், எதை விழுங்கினார் எதை அடித்தார் என்று அவருக்கே தெரியாது. "இப்ப இழைச்சா, காஞ்சதும் சந்து விழுந்துடுங்க. வெயில் அடிக்கட்டும், தானா விடும்," என்றார். சரியென்று விட்டோம்.

அன்றைக்கு நல்ல மத்தியானம், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, பின் அறைக்குள் பெருக்குகிற சத்தம்.

"எலிங்க," என்றார் கோணலாணி.

"எலி பெருக்குமாய்யா?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவுக்கு அடியிலிருந்து சேறு வெளியே வந்தது. வழியவில்லை மச்சான், யாரோ துடைப்பத்தால் தள்ளுகிற மாதிரி, ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாக. கோணலாணி கதவில் காதை வைத்தார். வாயிலிருந்த ஆணியெல்லாம் கீழே கொட்டிப்போச்சு. "உள்ள ஆள் இருக்குங்க."

"தொறக்காத ரூமுக்குள்ள ஆள் எப்படிய்யா வரும்?"

"அதை உள்ள இருக்கிறவங்களைக் கேளுங்க," என்று போனவர்தான், இழைப்புளியை எடுக்கக்கூட வரவில்லை.

மறுநாள் கலங்கல் தண்ணி வந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் தெளிஞ்ச தண்ணி. நேத்து சோப்பு வாசனையோட வந்துச்சு. அந்த அறையில சோப்பும் கிடையாது, குழாயும் கிடையாது. நான் இந்தப் பக்கம் பெருக்கினா அந்தப் பக்கமும் பெருக்குது. நான் இருமினா நின்னு கேக்குது. பயமான்னு கேட்டா, இல்லைன்னு சொன்னா பொய். ஆனா இந்த வீட்டுல வேற சத்தமே இல்லையே.

அதனால்தான் கேட்கிறேன், உன் அக்காவை அனுப்பிவை. உப்பு எங்கே, தீப்பெட்டி எங்கே, எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்த வீடு அவள் குரல் இல்லாமல் காயாது. அங்கே உன் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, எத்தனை துணி மாற்றினாலும் உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம் என்று எழுதியிருந்தாய். கோபமாக இருக்கும். தண்ணீர் ஏறிய அன்று மொட்டைமாடியில்தான் இரண்டு பேரும் நின்றோம். பின் அறையில் துணிமூட்டை இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று இறங்கினாள். நான் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படகு வந்து, அவள் ஏறிப் போவதைப் பார்த்தேன். முதுகைத்தான் பார்த்தேன். ஈரச்சேலையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவேயில்லை. வந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துகொள்கிறேன் என்று சொல்.

நீயும் உன் பிள்ளைகுட்டிகளும் காய்ந்த தரையில் நடந்து, காய்ந்த பாயில் படுத்து, நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுற நேரத்துல கதவு தானா விட்டுச்சு மச்சான். உள்ள உன் அக்கா. கையில துடைப்பம். தரை கண்ணாடி மாதிரி இருக்கு. "ஒரு கதவைத் தொறக்க இத்தனை நாளா? கத்திக் கத்தித் தொண்டையே வறண்டு போச்சு. உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு அந்தக் கதவையே கட்டியிருக்கலாம்!"

"நீ படகுல போனியே?"

"எந்தப் படகு?"

இப்ப சமையல்கட்டுல நின்னு திட்டிக்கிட்டு இருக்கா. மேல எழுதின எதையும் கணக்குல எடுத்துக்காத. அங்க இருக்கிறவங்களை அனுப்பிடாத. யாருன்னு எனக்குத் தெரியாது, மரியாதையா வச்சுக்கோ, மாத்துத்துணி குடு. இவதானா உன் அக்கான்னு கேட்டு எழுதாத. திட்டுறா, எனக்கு அது போதும். பேய்க்குக் கால் இருக்காதுன்னு சொல்லுவாங்க. நான் இவ முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கீழ குனிஞ்சு பாக்கலை. பாக்கவும் மாட்டேன்.