சப்ரி எஃபெந்தியின் வியாழக்கிழமை

"வியாழக்கிழமை அஸர் தொழுதுட்டு எங்க போறீங்க, மாமா?"

டாக்டர் ரிஹாம் சாதாரணமாகத்தான் கேட்டாள். மடியில் இருந்த கருவியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. ஆனால் டீத் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்த அவர் மனைவி இன்ஷிராஹ் வாசலிலேயே நின்றுவிட்டாள். தட்டில் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

"காப்பிக்கடைக்கு," என்றார் சப்ரி எஃபெந்தி. "டாமினோ ஆட. வேற எங்க போறது?"

"உட்கார்ந்தா?"

"டாமினோவை யாராவது நின்னுக்கிட்டு ஆடுவாங்களாம்மா?"

"அப்புறம் ஏன் மாமா உங்க இதயம் அந்த நேரத்துல மட்டும் இப்படி ஓடுது?"

கருவியைத் திருப்பிக் காட்டினாள். வாரம் முழுக்கக் கடல் போலத் தட்டையாகக் கிடந்த கோடு, வியாழக்கிழமை மாலை வந்ததும் மலை மலையாக எழும்பியிருந்தது. ஒரு வாரம் மட்டுமல்ல, வந்த எல்லா வியாழனும் அப்படித்தான்.

ரிஹாமின் பல்கலைக்கழகத்து இதய ஆராய்ச்சிக் குழு எங்கள் முஹர்ரம் பே வட்டாரத்துக்கு வந்தது இப்படி வம்பு வளர்க்க அல்ல. இங்கே மாரடைப்பு வந்தவர்கள் எல்லாம் மருத்துவமனைக்குத் தாமதமாகவே போய்ச் சேர்கிறார்களாம். முதலில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு வைத்தியம், பிறகு மைத்துனி ஒரு வைத்தியம், அதன்பின் டாக்டர். அதனால் வீடு வீடாக மணிக்கட்டில் கருப்புப் பட்டை கட்டி, இதயத் துடிப்புகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், யாருக்கு ஆபத்து வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லலாம் என்பது திட்டம். நல்ல திட்டம். எங்கள் கட்டடத்தில் அந்த வேலையை நாங்கள் பட்டை இல்லாமலே செய்துவந்தோம் என்பது வேறு விஷயம்.

சப்ரிக்கும் இன்ஷிராஹுக்கும் ஆளுக்கொரு பட்டை கிடைத்தது. "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, கழட்டவே வேண்டாம்" என்று ரிஹாம் சொல்லிப் பார்த்தாள். பட்டைக்கு ஒன்றும் ஆகாது, சரி. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவுக்கு? தோலில் தண்ணீர் படாவிட்டால் தொழுகை என்னாவது? முதல் நாள் அஸருக்கே இருவரும் கழற்றிக் கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்தார்கள். அன்றே இன்ஷிராஹ், கணவரின் பட்டையில் நீல நூலும் தன்னுடையதில் சிவப்பு நூலும் கட்டி, சுவரில் இரண்டு ஆணியும் அடித்துவிட்டாள்.

"இவரை நம்பினா என் இதயத்தையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு ஊர் சுத்துவாரு," என்று எங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். அவள் ஒழுங்கு அப்படி. வரவேற்பறையையே விருந்தாளி வந்தால் மட்டும் திறந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறவள்.

"அத்தையோடது எப்படி இருக்கு தெரியுமா?" என்று ரிஹாம் பேச்சை இதமாக்கப் பார்த்தாள். "அதே நேரத்துல அத்தை இதயம் தூங்கி வழியுது. பச்சைக் குழந்தை மாதிரி."

இன்ஷிராஹ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். எங்கள் கட்டட வரலாற்றில் அது முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மதாம் கவாகிப் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கையில் ஒரு தட்டு. தட்டில் சுண்ணாம்புக் காரை.

"பாரு இன்ஷிராஹ், மறுபடியும் என் கூரை உதிருது. உன் வீட்டுக் குழாய்தான். உள்ள சில்லறைக் காசு குலுங்குற மாதிரி ஒரு சத்தம். பிளம்பரை வச்சுச் சுவத்தை உடைச்சேன். ஒண்ணும் இல்லங்கறான்."

"இங்க ஒரு மனுஷனோட இதயமே உதிருது. உன் கூரைக்கு என்னடி அவசரம்?" என்று அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பினாள் இன்ஷிராஹ்.

அன்று மாலையே சப்ரி சாட்சியைக் கூட்டிவந்தார். முன்பு டிராமில் அவர் டிக்கெட் பரிசோதகராக இருந்தபோது ஓட்டுநராக இருந்த கத்தாஸ்தான் அவருடைய டாமினோக் கூட்டாளி.

"கன்னி மேரி மேல ஆணையா சொல்றேன், இன்ஷிராஹ்," என்றார் கத்தாஸ். "இவன் உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். மூக்குல ஈ உட்கார்ந்தாலும் அதுவா மனசு வச்சுக் கிளம்பினாத்தான் உண்டு."

"சத்தியமாவா?"

"உன் கல்யாணத்தை மாடில நடத்தினோமே, அந்த வியாழக்கிழமைக் கதையைச் சொல்வான். காசு கட்டின சால்வையை இடுப்புல சுத்திக்கிட்டு நீ ஆடின ஆட்டத்துக்குத் தெருவே ஜன்னல்ல தொங்குச்சுன்னு. சொல்லிட்டுப் பெருமூச்சு விடுவான். அப்புறம் தோத்துப் போவான். இவ்வளவுதான்."

இன்ஷிராஹ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கதை எங்களுக்கும் தெரியும். அப்போது டிராம் மணிச் சத்தம் எங்கள் தெரு முனை வரை கேட்கும். மாடியில் நின்றால் கடல் தெரியும். இப்போது மாடியில் நின்றால் அடுத்த கட்டடத்துக்காரர் சவரம் செய்வது தெரிகிறது. கல்யாணத்துக்கு மறுநாள் காலை சப்ரியின் அம்மா, "டிராம் பரிசோதகர் பொண்டாட்டி இனிமே ஆடமாட்டா" என்று சொல்லி அந்தச் சால்வையைப் பெட்டிக்குள் போட்டாள். சப்ரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார்.

கத்தாஸின் சாட்சியை ரிஹாம் தன் பேராசிரியரிடம் கொண்டுபோனாள். மறுநாளே, கத்தாஸும் கூட இருக்கும்போது, பதிலோடு வந்தாள்.

"மாமா, நீங்க ஓடியாடி இதயம் ஓடினாக் கவலை இல்ல. உட்கார்ந்த இடத்துல ஓடுதுன்னாத்தான் பயம். மணிக்கட்டு வழியா ஒரு மெல்லிய கம்பியை இதயம் வரைக்கும் விட்டுப் பார்க்கணும்கறாரு."

சப்ரி எஃபெந்தி டிக்கெட் இல்லாத பட்டாளத்துக்காரர்களை ஓடும் டிராமிலிருந்து இறக்கிவிட்டவர். தடுப்பூசி போடும் நாளில் மட்டும் விடுப்பு எடுத்தவர். கம்பி என்றதும் அவர் உதடு வெளுத்தது.

"நான்... உட்காரலம்மா," என்றார்.

"என்னது?" என்றார் கத்தாஸ்.

"சும்மா கொஞ்ச நேரம் உட்காருவேன். அப்புறம் எழுந்து... மாடி ஏறுவேன். நம்ம மாடிதான். வேகமா. புறா பார்க்க."

கம்பியிலிருந்து தப்பினார். ஆனால் மாடியில் புறா மட்டும் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தபோது இன்ஷிராஹ் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். மாடி அறையில் நவால் குடியிருக்கிறாள். இரண்டு கணவர்களை அடக்கம் செய்தவள். அந்தப் புறாக்கள் அவளுடையவை.

மேலே நடந்தது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. மாடிப்படியில் நின்றால் விழாமல் என்ன செய்யும்?

"என் புருஷன் இங்க வர்றாரா?"

"யாரு, சப்ரியா?" நவால் சிரித்த சிரிப்பில் புறாக்கள் எழும்பிப் பறந்தன. "அவரு ரெண்டாவது மாடி வர்றதுக்குள்ள நாற்காலி கேப்பாரே!"

"அப்ப வரல?"

"வரல. ஆனா வந்தா வரட்டும்டி. கூண்டு கழுவ ஒரு ஆம்பளை கை இருந்தா நல்லதுதான். ரெண்டு பேரை ஒழுங்கா வச்சு அனுப்பியிருக்கேன், மூணாவது ஆளையும் பார்த்துக்க மாட்டேனா?"

இன்ஷிராஹ் கீழே இறங்கி வந்த வேகத்துக்கு அவள் பட்டை என்ன கோடு போட்டதோ தெரியாது.

"புறா! என்கிட்டப் புறாக் கதை! முலூகிய்யாக் கீரை ஆக்கிப் போட்ட கைக்குப் புறாக் கதை!"

அன்றிலிருந்து சப்ரிக்கு ஃபூல் பயறும் இல்லை, நெய்யும் இல்லை. வேகவைத்த சுரைக்காய் மட்டும். நோயாளி என்றாலும் அதுதான் சாப்பாடு, குற்றவாளி என்றாலும் அதுதான் சாப்பாடு என்பது இன்ஷிராஹின் நீதி.

அடுத்த வியாழக்கிழமை அவரைக் காப்பிக்கடைக்கு விடவில்லை. இது பெரிய விஷயம். ஏனென்றால் வழக்கமாக வியாழன் மாலை, "தரை கழுவணும், மக்ரிப் தொழுகைக்கு முன்னாடி வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று அவரைத் துரத்தி விடுவதே அவள்தான். இன்று கதவைப் பூட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"தரை கழுவலையா?" என்று மெல்லக் கேட்டார் சப்ரி.

"வாயைத் திறக்காத."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பூட்டியிருந்த வரவேற்பறைக் கதவைப் பார்த்தாள். அவள் கால் விரல்கள் செருப்புக்குள் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தன. கோபம் என்று சப்ரி நினைத்தார். இருட்டும் நேரத்தில் மதாம் கவாகிப் கதவைத் தட்டி, "குழாய் தானாவே சரியாயிடுச்சு போல, இன்னிக்குக் கூரை உதிரல" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ரிஹாம் வந்து கோட்டைப் பார்த்தாள். வியாழன் மாலை முழுக்கத் தட்டை. ஒரு மேடுகூட இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! வீட்டுல இருந்தா எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!" என்று அந்தப் பெண் கைதட்டினாள். நல்ல பெண்தான். கல்யாணம் ஆகாதவள்.

"பார்த்தியா?" இன்ஷிராஹின் குரல் மிகவும் தணிந்துவிட்டது. அதுதான் பயம். "என் எதிர்ல உட்கார்ந்தா கல்லு. வெளிய போனா ஓட்டம். முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கல்லுக்கா சட்டை தேய்ச்சேன்?"

பயணப் பெட்டியை இழுத்துக் கூடத்தில் வைத்தாள். தந்தாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதாக அறிவித்தாள். சத்தம் கேட்டு நாங்கள் வந்துவிட்டோம், கேட்காவிட்டாலும் வந்திருப்போம். கத்தாஸ் வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நவால் மாடியிலிருந்து இறங்கி வந்து, நெஞ்சில் கை வைத்து, "மூணு தலாக் மேல சத்தியம், அவரு மாடிப் பக்கமே வந்ததில்ல" என்றாள். சத்தியம் செய்யக் கணவனே இல்லாதவள் தலாக் மேல் சத்தியம் செய்வதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"அத்தை, அவசரப்படாதீங்க," என்று ரிஹாம் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். "இந்தக் கணக்கெல்லாம் ஆளுங்களப் பிழைக்க வைக்கத்தான் எடுக்கறோம். குடும்பத்தைப் பிரிக்க இல்ல."

சப்ரி எஃபெந்தி எழுந்தார். மணிக்கட்டில் இருந்த நீல நூல் பட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"எனக்குக் கம்பியே போடுங்கம்மா. ரெண்டு கைலயும் போடுங்க. நான் புறாவும் பார்க்கல, யாரையும் பார்க்கல. உட்கார்ந்துதான் இருந்தேன். எனக்கு நோய்னே எழுதிக்குங்க. இவ மட்டும் போகவேண்டாம்."

"நோயாம்!" என்றாள் இன்ஷிராஹ். "வாராவாரம் கரெக்டா வியாழக்கிழமை வர்ற நோய்! அந்த நேரத்துல உன் நெஞ்சு யாருக்காக அடிக்குதுன்னு சொல்லிடு. நான் பேசாமப் போயிடறேன்."

"என் நெஞ்சு ஒரே ஒரு வியாழக்கிழமைதான் அப்படி அடிச்சுது," என்றார் சப்ரி. "நம்ம மாடில. நீ ஆடினப்ப. மறுநாள் எங்கம்மா அந்தச் சால்வையை வாங்கிப் பெட்டில போட்டப்ப, குடுக்காதேன்னு சொல்லணும்னு நினைச்சேன். தைரியம் இல்ல. இன்னொரு தடவ பார்க்க மாட்டமான்னுதான் காப்பிக்கடைல வாராவாரம் உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கேன். உன்கிட்டக் கேக்கவும் தைரியம் இல்ல."

இன்ஷிராஹின் கை இடுப்பில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டது. எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது. கத்தாஸ் பெட்டியிலிருந்து எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

ரிஹாம் பட்டையைத் துடைத்துத் தன் கருவிப் பைக்குள் வைக்கப் போனாள். நூல் தடுக்கியது. அவிழ்த்தாள். நூலுக்கு அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். தன் கருவியைப் பார்த்தாள். மறுபடி பட்டையைப் பார்த்தாள்.

"அத்தை... இந்த நூலை யாரு கட்டினது?"

"நான்தான். ஏன்?"

"மாத்திக் கட்டியிருக்கீங்க. எங்க கணக்குல இது உங்க பேர்ல இருக்கற எண். அப்படின்னா... இருங்க. மாமா பேர்ல இருக்கற பட்டையை இத்தனை நாளும் கட்டியிருந்தது நீங்க. உங்க பேர்ல இருக்கறது மாமா கைல. தூங்கி வழிஞ்சது மாமாவோட இதயம்."

"நான்தான் சொன்னேனே!" என்று கத்தாஸ் பெட்டியைத் தட்டினார். "உட்கார்ந்துதான் இருந்தான்! ஈ!"

"அப்ப வியாழக்கிழமை ஓடினது?" என்றார் சப்ரி.

இன்ஷிராஹின் முகம் கழுத்து வரை சிவந்தது. பூட்டிய வரவேற்பறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். கதவின் மேல்கண்ணாடி வழியாக உள்ளே கல்யாணத்துக்கு வாங்கிய பழைய கேசட் பெட்டி தெரிந்தது. வருஷக்கணக்காக யாரும் தொடாததாக நாங்கள் நினைத்த அதன் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து மதாம் கவாகிப் எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி இன்ஷிராஹ், பிளம்பரைக் கூட்டிவந்து சுவத்தை உடைச்சேனேடி... அந்தச் சில்லறை உன் இடுப்புலயா குலுங்குச்சு?"