மூணு கிரெடிட் குறையுது

"மூணு கிரெடிட் குறையுது மேடம்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர் பெண், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். வெளியே தூறல் போடுகிறது என்று சொல்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

மெஷினக்கா கைப்பையைத் தூக்கிக் கவுன்ட்டர் மேல் வைத்தாள். உள்ளே கிடந்த ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் ணங்கென்று மோதிக்கொண்டன.

"எங்க குறையுது? நல்லாப் பாருங்க. ஆறு வருஷம், நாற்பது பாடம். பாடத்துக்கு மூணு. நூத்தி இருபது வந்தாகணும்."

"நூத்திப் பதினேழுதான் காட்டுது. 'கணினி ஓர் அறிமுகம்' கணக்குல வரல. நீங்க படிச்சப்போ அதுக்கு வேற நம்பர். மூணு வருஷத்துக்கு முன்னாடி விதிப்புத்தகம் மாறிடுச்சு. புது நம்பர்ல நீங்க படிக்கல."

"அந்தப் பாடத்துல என்னதான் சொல்லித் தராங்க இப்போ?"

"கம்ப்யூட்டரை எப்படி ஆன் பண்றது, எப்படி ஆஃப் பண்றது. மவுஸை எப்படிப் பிடிக்கிறது."

மெஷினக்காவுக்கு முகம் சிவந்தது. போன செமஸ்டரில் சொந்தமாக ஒரு குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டமே எழுதி, தன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியவள் அவள். அவளைப் பார்த்து மவுஸ் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டால்?

இருபது வருஷமாக வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவள். அதனால்தான் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் மெஷினக்கா. பழுதான மெஷினைத் திறந்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவதுதான் வேலை. ஒருநாள், 'இந்தப் பச்சை அட்டைக்குள்ளே அப்படி என்னதான் எழுதி வைத்திருக்கிறான்?' என்று ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வி அவளை நாற்பத்தோராவது வயதில் கல்லூரியின் சாயங்கால வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தது. இப்போது வாஷிங் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று, அதே பச்சை அட்டைக்குப் புரோகிராம் எழுத அவளைக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் பட்டச் சான்றிதழோடு வர வேண்டும்.

அந்த வேலை உத்தரவை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்து வழியாக நீட்டினாள். கவுன்ட்டர் பெண் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு மெஷினக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தப் பாடத்தை நான் திரும்பப் படிக்க மாட்டேன்" என்றாள் மெஷினக்கா. "தலைகீழா நின்னாலும் மாட்டேன்."

"படிக்க வேண்டாம் மேடம். ஒரு ஃபாரம் இருக்கு."

மஞ்சள் நிறப் படிவம். பழைய அறிமுகமும் புது அறிமுகமும் ஒன்றேதான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லும் விண்ணப்பம். மெஷினக்கா அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்துவிட்டு, பாதி வெற்றியோடு வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் போய்க் கேட்டாள்.

"ஒத்துக்கிட்டாங்க மேடம். ஆனா புது விதிப்படி அறிமுகப் பாடமும் 'புரோகிராம் எழுதுதல்' பாடமும் பாதிக்கு மேல ஒண்ணு. ரெண்டுல ஒண்ணுதான் செல்லும். அதனால புரோகிராம் பாடத்தை எடுத்துட்டாங்க."

"சரி, மூணு வந்துச்சு, மூணு போச்சு. பழையபடி நூத்திப் பதினேழா?"

"இல்ல. புரோகிராம் பாடத்தை அஸ்திவாரமா வெச்சுப் படிச்ச பதினோரு பாடமும் செல்லாதுன்னு ஆயிடுச்சு." அவள் திரையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "எண்பத்தி நாலு."

மெஷினக்கா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு குறைஞ்சது, இப்ப முப்பத்தாறு குறையுதா?"

"இன்னொரு ஃபாரம் இருக்கு" என்றாள் கவுன்ட்டர் பெண்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கணவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். சிவப்பு விளக்கைப் பார்த்தால் நிற்பார், பச்சை விழுந்தால் போவார். யாரோடும் வம்புக்குப் போனதில்லை.

"ஏம்மா, பேசாம அந்த மவுஸ் பிடிக்கிற பாடத்தைப் படிச்சுடேன். நீ என்னமோ வண்டியை ரிவர்ஸ்லயே ஓட்டிக்கிட்டிருக்கே."

"நான் எங்கங்க ஓட்டறேன்? தள்ளிக்கிட்டுப் போறாங்க."

"அந்த வேலை கிடைக்கலைன்னா குடியா முழுகிடும்?"

"வேலை கிடக்கட்டுங்க. எனக்கு வரவேண்டியது எனக்கு வரணும். இதுக்குப் பயந்து ஒதுங்கினா, ஆறு வருஷம் நான் சாயங்காலச் சாப்பாட்டை விட்டுட்டு ஓடினதுக்கு என்ன அர்த்தம்?"

அவருக்கு அர்த்தம் தெரியும். அந்த ஆறு வருஷமும் சமைத்தது அவர்தான்.

இரண்டாவது படிவம் நீல நிறம். புது விதியே வேண்டாம், நான் சேர்ந்த காலத்துப் பழைய விதியிலேயே என்னை எடைபோடுங்கள் என்பது அதன் சாரம். கொடுத்த மறுநாளே, பறிபோன பாடங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஆனால் பழைய விதியில் வேறொரு முள் இருந்தது. பட்டறைப் பயிற்சி கட்டாயம். ஸ்க்ரூ முடுக்குவது, ஈயம் வைத்து ஒட்டுவது, ஒயர் உரிப்பது. அவள் சேர்ந்த வருஷம் பட்டறைக்கு ஆசிரியர் இல்லை என்று அதை நடத்தவே இல்லை. பதிலுக்கு வேறு பாடம் படிக்க வைத்திருந்தார்கள்.

மெஷினக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஸ்க்ரூ முடுக்கறதா? அதுதாம்மா என் பொழைப்பே! மெக்கானிக் சான்றிதழே வெச்சிருக்கேன்."

"அப்படின்னா அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கு மேடம்."

ரோஸ் நிறம். சான்றிதழ் நகலை இணைத்துக் கொடுத்தாள். இதில் எந்த வில்லங்கமும் வர வாய்ப்பே இல்லை என்று கணவரிடம் பந்தயம்கூடக் கட்டினாள்.

மறுநாள் கவுன்ட்டர் பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள். பக்கத்தில் இருந்த இயந்திரம் கிர்ரென்று சத்தம் போட்டு ஓர் அடையாள அட்டையைத் துப்பியது.

"வெளிச் சான்றிதழ் குடுத்ததால, நீங்க வேற இடத்துலேர்ந்து மாறி வந்த மாணவின்னு சிஸ்டம் எடுத்துக்கிச்சு. மாறி வந்த தேதிக்கு அப்புறம் படிச்சதுதான் கணக்கு."

"மாறி வந்த தேதி என்ன?"

"இன்னிக்கு."

"இன்னிக்கா?"

"வாழ்த்துகள் மேடம். பூஜ்யம் கிரெடிட். திங்கட்கிழமை காலையில புது மாணவர்களுக்கு வரவேற்புக் கூட்டம். பலூன் குடுப்பாங்க."

அட்டையில் 'முதலாமாண்டு' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. மெஷினக்கா அதைப் பார்த்தாள். முதலுக்கே மோசம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கவுன்ட்டரில் இப்படி ஒரு அட்டையை வாங்கியபோது அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இன்று அதை ஸ்பானர்களுக்கு நடுவே கைப்பைக்குள் எறிந்தாள்.

நேரே துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் பெரிய மனசு பண்ணிச் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு கலாட்டா? குடுத்த ஃபாரத்தையெல்லாம் வாபஸ் வாங்கிட்டு, அந்த அறிமுகப் பாடத்தையே எடுத்துடுங்களேன். உங்களுக்குச் சுலபமா வரும்."

மெஷினக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் கணவர் சொன்னதும் இதைத்தான். சரி, ஒரே ஒரு தரம் தழைந்துதான் பார்ப்போமே.

"எடுத்துக்கறேன் சார். சேத்துவிடுங்க."

"அது இப்போ பகல்ல மட்டும் நடக்கிற பாடம். சாயங்கால மாணவர்கள் சேரணும்னா என் அனுமதி வேணும்."

"அனுமதி குடுங்க."

"தாராளமா. 'பாக்கி இல்லை'ன்னு ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

"பாக்கி இல்லைன்னு எப்போ குடுப்பாங்க?"

"எல்லாப் பாடத்தையும் முடிச்சா குடுப்பாங்க."

"அந்த அறிமுகப் பாடத்தையும் சேத்தா?"

"பின்னே? எல்லாப் பாடமும்னா எல்லாப் பாடமும்தான்."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் யோசித்தார். யோசனை எங்கேயோ சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது போலிருக்கிறது, கண்ணாடியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

"ஆபீஸ்ல என்ன ஃபாரம் சொல்றாங்களோ அதைக் குடுங்கம்மா. எனக்கு வகுப்பு இருக்கு."

மெஷினக்கா கவுன்ட்டருக்குத் திரும்பினாள்.

"இன்னொரு ஃபாரம்..." என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண்.

"போதும்! இனிமே ஒரு ஃபாரத்துலயும் கைவைக்க மாட்டேன். அந்த விதிப்புத்தகம் எங்க இருக்கு? அதைக் குடுங்க."

கவுன்ட்டர் பெண் தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தாள். ஒரு பக்கம்கூடப் புரட்டாத புத்தகம், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"புதன்கிழமை காலை பத்தரைக்குக் கல்விக்குழுக் கூட்டம். வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது" என்றாள், அதே தட்டையான குரலில். "மூணாவது மாடி, இடது பக்கம் ரெண்டாவது கதவு. தாழ்ப்பாள் சரியா விழாது."

இரண்டு நாள் மெஷினக்கா ரிப்பேருக்குப் போகவில்லை. ஒரு பழைய வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கூடத்தில் விரித்தாள். விதிப்புத்தகத்திலிருந்த ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வட்டம். எதை முடித்தால் எதற்குப் போகலாம் என்று வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி. இந்த வித்தையை அவளுக்கு இதே கல்லூரிதான் மூன்றாம் ஆண்டில் சொல்லிக்கொடுத்தது. தொண்ணூற்றைந்து மதிப்பெண் வேறு போட்டது. அம்புகளைத் தொடர்ந்துகொண்டே போனாள். ஓரிடத்தில் நின்று சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

புதன்கிழமை அட்டையைத் தூக்கிக்கொண்டு கணவரின் பேருந்தில் ஏறினாள். அட்டை மூன்று பேர் முதுகில் இடித்தது. ஒருவர் சண்டைக்கு வந்தார். ஒருநாளும் யாரையும் அதட்டாத மனுஷன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பி, "அது என் வீட்டம்மாவோட பட்டம், கொஞ்சம் நகந்து நில்லுங்க சார்!" என்று சத்தம் போட்டார்.

மூன்றாவது மாடி. தாழ்ப்பாள் உண்மையிலேயே விழவில்லை.

நீள மேசையைச் சுற்றிப் பேராசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். தலைமை இருக்கையில் பதிவாளர். மூலையில் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டு கவுன்ட்டர் பெண்.

"யாரும்மா நீங்க?" என்றார் பதிவாளர்.

"முதலாமாண்டு மாணவிங்க" என்று அடையாள அட்டையை நீட்டிக் காட்டினாள் மெஷினக்கா. "பூஜ்யம் கிரெடிட். ஆனா ஒரு கணக்குப் போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

துறைத்தலைவர் பாதி எழுந்தார். அதற்குள் அட்டைப்பெட்டி மேசைமேல் விரிந்துவிட்டது, நான்கு தேநீர்க் கோப்பைகளின் மேலேயே.

"சிவப்பு அம்பைப் பாருங்க. அறிமுகப் பாடத்துல சேர அனுமதி வேணும். அனுமதிக்குச் சான்று வேணும். சான்றுக்கு அறிமுகப் பாடம் முடிச்சிருக்கணும். சுத்திச் சுத்தி வருது, வெளியே போற வழியே கிடையாது. உங்க புத்தகப்படி சாயங்கால வகுப்புல எவனும் எவளும் எந்தக் காலத்துலயும் பட்டம் வாங்க முடியாது."

பேராசிரியர்கள் அட்டைமேல் குனிந்தார்கள்.

"நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். கதவு பூட்டினாத்தான் தண்ணி வரும், தண்ணி வந்தாத்தான் மோட்டார் சுத்தும், மோட்டார் சுத்தினாத்தான் கதவு பூட்டும்னு ஒருத்தன் பண்ணி வெச்சா, அது வாஷிங் மெஷின் இல்லைங்க. வெறும் இரும்புப் பெட்டி."

கணிதப் பேராசிரியர் ஒருவர் எழுந்துவந்து சிவப்பு அம்பை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு சுற்று சுற்றினார். "சரியாத்தான் இருக்கு" என்றார், வருத்தத்தோடு.

பதிவாளர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. உங்க விஷயத்தைத் தனிப்பட்ட முறையில கவனிச்சு, உங்களுக்கு மட்டும் இன்னிக்கே குடுத்துடறோம். அட்டையை எடுத்துடுங்க."

பத்து நாளைக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டு ஓடியிருப்பாள். இப்போது அவள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் வேண்டாம். மெஷின் கெட்டுப்போச்சுன்னு கூப்பிட்ட வீட்டுல, உள்ளே மாட்டின துணியை மட்டும் உருவிக் குடுத்துட்டு வந்தா என்னை அடிப்பாங்க. விதியை எடுங்க. இதுல மாட்டின எல்லாருக்கும் எடுங்க. அதுவரைக்கும் அட்டையும் நகராது, நானும் நகர மாட்டேன்."

அட்டைக்கு அடியில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் அவளையும் அட்டையையும் சுற்றியே விவாதம் நடந்தது. கடைசியில், விதியை நீக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் பதிவாளர். துறைத்தலைவர் தவிர எல்லாக் கைகளும் எழுந்தன. கொஞ்சம் பொறுத்து அவர் கையும் எழுந்தது. விதி வந்த நாளிலிருந்து மாட்டிக்கொண்ட சாயங்கால மாணவர் அத்தனை பேருக்கும் பட்டம்.

வெள்ளிக்கிழமை மெஷினக்கா கவுன்ட்டருக்கு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்தையாகச் சான்றிதழ்கள். மேலே இருந்தது அவளுடையது. கவுன்ட்டர் பெண் எழுந்து நின்று இரண்டு கையாலும் அதைக் கொடுத்தாள். பிறகு கத்தையிலிருந்து இன்னொன்றை உருவி, மடங்காமல் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"அது யாரோடது?"

"என்னோடது. சாயங்கால வகுப்பு. மூணு வருஷமா மூணு கிரெடிட் பாக்கி. என்னைச் சேத்து இருபத்திரெண்டு பேர்."

மெஷினக்கா கண்ணாடிக்கு அருகே குனிந்தாள். "அடிப்பாவி! இவ்வளவும் தெரிஞ்சுதான் அந்த ஃபாரம், இந்த ஃபாரம்னு என்னை அலைய விட்டியா?"

"வேலை உத்தரவு கையில இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு ஃபாரம் போதும்க்கா, பத்து நிமிஷ வேலை. அதை முதல் நாளே எடுத்துக் குடுத்திருந்தா, நீங்க ஒருத்தர் மட்டும் சத்தமில்லாம பட்டம் வாங்கிட்டுப் போயிருப்பீங்களே!"