மூன்றாவது மனு

"பின் தெருவுக்கு அஞ்சு நிமிஷம் கூட விட்டீங்களாமே?" என்று முன் தெருத் தையல்காரர் வழிமறித்தபோது, வால்வுக்காரர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை.

நகராட்சித் தண்ணீரை அந்த இரண்டு தெருக்களுக்கும் காலையில் முறை வைத்துத் திறந்துவிடுவது அவர் வேலை. தெருவுக்கு ஒரு மணி நேரம். அது தாராளமாகவே போதும். யார் வீட்டிலும் வாளி நிறையாமல் இருந்ததில்லை. பக்கத்துத் தெருவுக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் எல்லோருக்கும் தூக்கத்தைக் கெடுத்தது. ஏற்கெனவே தெருவுக்கொரு மனு போட்டாயிற்று. மூன்றாவது மனு வந்தால் எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மனைவிக்கோ நிறைமாதம்.

மறுநாள் முன் தெருவுக்கு ஐந்து நிமிடம் கூட்டிவிட்டார். விஷயம் தண்ணீரைவிட வேகமாகப் பின் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. "கவர்ன்மென்ட்டே முன் தெரு பக்கம்தான்" என்றபடி அங்கிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் பேனாவைத் தேடினார்.

காலில் விழாத குறையாக அவரைத் தடுத்து, தெருவுக்கு ஒருவர் கடிகாரத்தோடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் வால்வுக்காரர். தையல்காரரும் வாத்தியாரும் வந்தார்கள். இரண்டு கடிகாரத்துக்கும் நான்கு நிமிட வித்தியாசம். எது சரி என்று வாக்குவாதம் முடிவதற்குள் முன் தெருவுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது.

அடுத்த நாள் இரண்டு தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்தார். பின் தெரு பள்ளம். அங்கே தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்ட, முன் தெருக் குழாய்கள் காற்றைத்தான் விட்டன. வாத்தியார் பேனாவை மூடினார், தையல்காரர் திறந்தார்.

இன்னும் ஒரே ஒரு நாள் பொறுக்கும்படி கெஞ்சினார் வால்வுக்காரர். மறுநாள் காலை மேட்டுக்கு இவ்வளவு, பள்ளத்துக்கு இவ்வளவு என்று முணுமுணுத்தபடியே இரண்டு தெரு வால்வுகளையும் அளந்து அளந்து திருப்பினார். நிம்மதியாக வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இரண்டு தெருவுக்கும் தண்ணீர் வரும் தொட்டியின் பெரிய வால்வைத் திறக்கவே இல்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்தார். தெருமுனையில் இரண்டு தெருவும் வாளியோடு திரண்டிருந்தது. தையல்காரர் குனிந்து நிற்க, அவர் முதுகில் தாளை வைத்து வாத்தியார் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது மனு. வால்வுக்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்க ஓடினார்.

முன் தெரு சலவைக்காரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடம் வந்தார்.

"உங்கள மாத்தவே கூடாதுன்னுதாண்ணே எழுதறோம். பின் தெரு வாளி அத்தனையையும் நானே எட்டிப் பாத்துட்டேன், ஒரு சொட்டு இல்ல. தினமும் இதே மாதிரி நியாயமா விடுங்க."