எந்த வீட்டுக் கிளி?

"உருப்படுவீங்களா நீங்க?"

தையற்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கடையில் ஆள் யாரும் இல்லை. வெட்டி வைத்த பேன்ட் துணியின் மேல் ஒரு கிளி உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை சொல்றது? காதுல என்ன பஞ்சா?" என்றது பெண் குரலில். உடனே தலையைச் சாய்த்து, "ம்... ம்... சொல்லு, கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்று ஆண் குரலில் பதிலும் சொல்லிக்கொண்டது.

தையற்காரருக்கு மனசு இளகிவிட்டது. கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யார் வீட்டுக் கிளியோ, வழி தவறி வந்திருக்கு. அந்த வீட்டு ஆம்பளை பாவம்டி."

மனைவி கேட்டுவிட்டு மோவாயில் கை வைத்தாள். "அடியம்மா! கட்டின புருஷனை இப்படியா ஒருத்தி பேசுவா? அந்த ஆளும் சரியான மரமண்டை. 'ம்' கொட்டியே காலத்தை ஓட்டுறான். முதல்ல இதைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. இந்த மாதிரி பேச்செல்லாம் நம்ம வீட்டுக்கு ஒத்துக்காது."

கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'கிளி கிடைத்துள்ளது. அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.'

ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஐந்து பேரும் சொன்ன அடையாளம் ஒன்றுதான்: பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு றெக்கை இருக்கும்" என்றார்.

தையற்காரர் அட்டையில் இன்னொரு வரி சேர்த்தார்: 'கிளி பேசும். உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சைச் சரியாகச் சொல்பவருக்கே தரப்படும்.'

அதன்பிறகு ஈ, காக்கைகூட வரவில்லை.

வேறு வழியில்லாமல், மறுநாள் கிளியை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். முதலில் மருந்துக்கடைக்காரர் வீடு. மருமகள் கதவைத் திறந்தாள்.

"மறுபடியும் உங்க அம்மாவா?" என்றது கிளி.

உள்ளேயிருந்து மாமியார் மகனிடம் சொல்லும் குரல் வந்தது. "பார்த்தியாடா, என் முதுகுக்குப் பின்னாடி இவ பேசுறது கிளிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு!"

"ஐயோ அத்தே, இது நம்ம கிளியே இல்ல!"

"கிளி நம்மது இல்ல. பேச்சு யாருது?"

தையற்காரர் நழுவி, அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வாசலுக்கு வந்தார். நாற்பது வருஷம் மாணவர்களுக்கு ஒழுக்கம் போதித்தவர்.

"முதல்ல பல்லை விளக்கிட்டு வாங்க!" என்றது கிளி.

"யாரைப் பார்த்து?" என்று தலைமையாசிரியர் எகிறினார்.

"உங்களை இல்லீங்க ஐயா. இது எந்த வீட்டுச் சண்டைன்னு விசாரிக்கத்தான் வந்தேன்."

"ஓஹோ, விசாரணை கமிஷனா? என் ரெண்டு பேன்ட்டையும் இப்பவே திருப்பிக் குடு."

மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எந்த வீட்டில் சண்டை என்று தையற்காரர் கணக்கெடுக்கிறாராம்! விளக்கம் சொல்லியே தீருவது என்று அவர் முச்சந்தியில் நின்றார். "நான் யாரையும் குத்திக் காட்டலீங்க! இந்தக் கிளி நல்ல குடும்பத்துக் கிளியே இல்ல!" என்று உரக்கச் சொன்னார்.

அவ்வளவுதான். முந்தின நாள் கிளிக்குச் சொந்தம் கொண்டாடியிருந்த ஐந்து பேரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். தைக்கக் கொடுத்த துணிகளை எல்லாரும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒற்றைக் கால் மட்டும் தைத்திருந்த பேன்ட்டைக்கூட ஒருவர் விட்டுவைக்கவில்லை.

காலியாகக் கிடந்த அலமாரியைப் பார்த்தபடி தையற்காரர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷக் கடை. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பார்த்தார். கிளி போகவில்லை.

"ம்... சொல்லு" என்றது.

அந்த நேரத்தில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவர் வீட்டு மேல்மாடிக்குக் குடிவந்து ஆறு மாதமே ஆன நர்ஸ். அதிகாலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். தையற்காரர் அவளுடைய முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார்.

"ஐயோ, என் தங்கம்! ரெண்டு நாள் வெளியூர் போயிருந்தேங்க. வந்து பார்த்தா கூண்டு திறந்து கிடக்கு!"

கிளி தாவி அவள் தோளில் உட்கார்ந்தது. தையற்காரருக்கு இரண்டு நாள் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது.

"கிளியைக் கூட்டிட்டுப் போம்மா. ஆனா வீட்டுல கொஞ்சம் வாயை அடக்கிப் பேசு. உன்னால என் பொழைப்பே போச்சு. உன் வீட்டுக்காரர் எப்படித்தான் தாங்குறாரோ!"

மனைவியும் சேர்ந்துகொண்டாள். "ஆமாம்மா. புருஷனைப் பேசுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? கேட்ட எனக்கே கூசிப்போச்சு."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க. பகல் முழுக்க இதோட கூண்டு தொங்குறது உங்க சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலதான்."